மார்கழியில் இல்லாத மேடு

ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் நாலு மணி பத்து நிமிடம். எங்கள் சோதனைக்கூடத்துச் சுவர்க் கடிகாரம் மூன்று நிமிடம் பின்னால் ஓடும். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கெட்ட நேரம் தொடங்கியதை அவ்வளவு துல்லியமாக நினைவு வைத்திருப்பவனுக்கு அது எந்த வருடம் என்று கேட்டால் சட்டென்று சொல்ல வராது. எண்பதுகளின் தொடக்கம். ஏழெட்டு வருடம் இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்திருந்தது. கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி, பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் கட்டிய கட்டடம். ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் உப்பு ஒட்டும். மேசையில் வைத்த வரைபடத்தாள் அரை மணியில் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும்.

நான் அங்கே இயற்பியல் ஆசிரியர். என் மகள் சுமதி அங்கேயே மூன்றாம் வருட பி.எஸ்ஸி. மாணவி. கல்லூரி வாசலைத் தாண்டிவிட்டால் நான் அவளுக்கு சார். அது அவளே போட்டுக்கொண்ட சட்டம். இரண்டரை வருடத்தில் ஒரு தரம்கூட மீறியதில்லை. அன்று மீறினாள்.

"அப்பா, சோர்ஸை வெளிய எடுத்துட்டேன். ஒரு மணி நேரம் ஓட விட்டேன். மேடு அப்படியே நிக்குது."

நான் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தேன்.

கோவைக்காய்

நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை, அப்போது என் மனைவிக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன்.

அணுவின் நடுவில் இருக்கும் கருவை எல்லாரும் உருண்டை என்று நினைக்கிறார்கள். சில கருக்கள் அப்படி இல்லை. கோவைக்காய் மாதிரி கொஞ்சம் நீண்டிருக்கும். சமாரியம் என்ற பொருளின் ஒரு வகைக் கரு அப்படிப்பட்டது. அது சும்மாவும் இருக்காது. கொஞ்சம் சக்தி கிடைத்தால் அதிரும். நீண்டு நீண்டு சுருங்குவது ஒரு வகை. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிதுக்குவது இன்னொரு வகை.

கடற்கரையில் வாங்கிய பலூனில் தண்ணீர் நிரப்பி, இரண்டையும் மாணவர்களுக்கு அமுக்கிக் காட்டுவேன். வருடத்துக்கு ஒரு சட்டை நனையும்.

கருவைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அதிர்ந்த கரு அடங்கும்போது காமா கதிர் விடும். எங்களிடம் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வில்லை இருந்தது. அதற்குள் யூரோப்பியம். அதைத்தான் சோர்ஸ் என்போம். யூரோப்பியம் தன்போக்கில் சமாரியமாக மாறும், மாறிய கையோடு அந்தக் கரு அதிரும், அடங்கும், கதிர் விடும். கதிர் பட்டால் மினுங்கும் படிகம் ஒன்றும், மினுக்கங்களைத் தரம் பிரித்து எண்ணும் அனலைசர் ஒன்றும் இருந்தன. பச்சைத் திரையில் புள்ளிகள் சேர்ந்து சேர்ந்து மேடு மேடாக எழும். ஒவ்வொரு மேடும் ஒரு கதிர்.

நீண்டு சுருங்கும் அதிர்வுக்கு அடையாளமான மேடு, எங்கள் அளவுகோலில் ஐந்நூற்று அறுபதைத் தாண்டி இருக்க வேண்டும். மிகவும் சின்னது, பார்ப்பது கஷ்டம் என்று புத்தகங்கள் சொல்லின. எங்களுக்கு அது பெரிதாக, கண்ணை உறுத்தும்படி வந்தது.

கண்டுபிடித்தது சுமதியும் ஏழுமலையும். ஏழுமலை உழவர்கரைப் பையன். அவன் அப்பா மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தார்; மில் மூடிக் கிடந்தது. அந்த மேட்டுக்கு அவன், எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் கோரிமேட்டின் பெயரை வைத்தான். "எல்லையில இருக்குது சார். அதைத் தாண்டினா நம்ம ஊரு இல்ல" என்றான். அதிலிருந்து நோட்டில்கூட அந்தப் பெயர்தான்.

பல்பு எரிந்த அலமாரி

அந்தப் படிகம் எங்களிடம் வந்தது எழுபதுகளின் நடுவில். வடக்கே ஒரு ஆய்வுக்கூடத்தில் பழசு என்று ஒதுக்கியதை எழுதிக் கேட்டு வாங்கினேன். வைக்கோல் திணித்த மரப்பெட்டியில் வந்தது. அதைப் பிரித்த அன்று சுமதிக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. பள்ளிச் சீருடையோடு வந்து நின்று, கை நிறைய வைக்கோல் அள்ளிக்கொண்டு, "இதுக்குள்ள கோழிக்குஞ்சா?" என்று கேட்டாள். அந்த வைக்கோல் வாசனை இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

படிகத்துக்கு ஈரம் ஆகாது. எங்கள் ஊரிலோ காற்றே ஈரம். ஆகவே பழைய தேக்கு அலமாரிக்குள் அதை வைத்து, நாற்பது வாட் பல்பு ஒன்றை இரவும் பகலும் எரியவிட்டோம். வெளிக் கதிர்கள் நுழையாமல் சுற்றிலும் ஈயக் கட்டிகளை அடுக்கினோம். பக்கங்களுக்கும் மேலுக்கும்தான் கட்டி போதுமானதாக இருந்தது. அடியில் வெறும் பலகை.

உலர்ந்த அலமாரி ஒன்று கட்டடத்தில் இருப்பது தெரிந்ததும் ஆளாளுக்கு அதில் இடம் பிடித்தார்கள். வேதியியல்காரர்களின் உப்புப் புட்டிகள், அலுவலகத்தின் தபால் தலைகள், யாரோ ஒரு அம்மாவின் முறுக்கு டப்பா. எல்லாம் கீழ்த்தட்டில். அந்தக் கீழ்த்தட்டு அட்டெண்டர் ழோசெப்பின் ராஜ்ஜியம். அதன் சாவியும் அவரிடம்.

ழோசெப்பின் அப்பா பிரெஞ்சுப் படையில் சைகோன் போய்வந்த சொல்தா, அதாவது சிப்பாய். மகன் அந்த மிடுக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, ஒரு கோடு மீசை. எல்லாரும் என்னை சார் என்றால் அவர் மட்டும் முசே என்பார். சாயங்காலங்களில் அவருக்கு வேறு தொழில். கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேர் என்று பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுவார். ஏழுமலைகூடச் சில ஊர்வலங்களில் அவருக்காக விளக்குத் தூக்கியிருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சோர்ஸ் இல்லாமல் எடுக்கும் கணக்கை நாங்கள் வெத்து ஓட்டம் என்போம். சுவரிலும் தரையிலும் காற்றிலும் இயல்பாக இருக்கும் கதிர்களை அது காட்டும். சோர்ஸோடு எடுத்ததிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம்தான் உண்மை. ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும் என்பது விதி. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அதற்கு யார் நேரம் தருவார்கள்? மார்கழி விடுமுறையில், கல்லூரி காலியாகக் கிடந்தபோது, நானே நாலு நாள் உட்கார்ந்து ஒரே ஒரு வெத்து ஓட்டம் எடுத்தேன். ஒரு மேடு இல்லாமல் வயல்வெளி மாதிரி இருந்தது. வருடம் முழுவதும் அதையே கழித்துக்கொள்ளச் சொன்னேன்.

தை, மாசியில் மேடு தெளிவாக வந்தது. கோடை கழிந்து ஆனியிலும் வந்தது. ஆடியில் வரவில்லை. மின்னழுத்தம் சரியில்லை என்று சொல்லி அந்த மாதத்து வரைபடத்தாள் சுருளை நான் ஒதுக்கி வைத்தேன். ஆவணியில் மறுபடி வந்தது. ஆவணிக் கடைசியில், வடக்கே இருந்த ஒரு பேராசிரியருக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பினோம். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். இந்த வகை அதிர்வுகளில் பெரிய ஆள். கடிதத்தின் தலையில் இரண்டு மாணவர்களின் பெயர், சுமதி பெயர் முதலில். அடியில் என் கையெழுத்து.

ஊருக்கு வரும்போது நேரில் பார்க்கிறேன், சரியாக இருந்தால் இருவரையும் கோடையில் என்னிடம் சேர்த்துக்கொள்கிறேன், மேற்படிப்புக்கும் உதவித்தொகைக்கும் வழி செய்கிறேன் என்று பதில் எழுதினார். அவர் வருவதாகச் சொன்னது அந்தச் சனிக்கிழமை.

நான் சொன்ன வார்த்தை

சோர்ஸ் இல்லாமலேயே மேடு நிற்கிறது என்றால் அது சமாரியத்தினுடையது அல்ல. வேறு எங்கிருந்தோ வருகிறது. இதைப் புரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம்.

புதிதாக ஏன் வெத்து ஓட்டம் எடுத்தாய் என்று சுமதியைக் கேட்டேன். பேராசிரியர் கேட்டால் புதுக் கணக்காகக் காட்டலாம் என்று எடுத்தாளாம். அதுதான் முறை. நான் செய்யாததை அவள் செய்திருந்தாள்.

அதே வாரம் ஏழுமலையின் அப்பா என்னை வந்து பார்த்திருந்தார். செருப்பை வராந்தாவிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, உட்காராமல் பேசினார். சிமெண்டுக் கிடங்கில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம், திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். "அந்தப் பெரியவரு சனிக்கிழமை பையனை எடுத்துக்கறேன்னு சொல்லிட்டா, நான் அவனைத் தொடமாட்டேன் சார். இல்லன்னா என்னைத் தப்பா நெனைக்காதீங்க." அவ்வளவுதான் அவர் சொன்னது.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு என் மகளிடம் சொன்னேன்: "ரெண்டு நாள் பேசாம இரு. ஏழுமலைகிட்டயும் சொல்லாத. அவர் வந்து பார்த்துட்டுப் போகட்டும். என்னன்னு அப்புறம் நிதானமா கண்டுபிடிச்சுக்கலாம்."

மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

"உங்க கையெழுத்துக்கு மேல என் பேரு இருக்குதுப்பா" என்றாள்.

அப்புறம் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏழுமலைக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று அன்று ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. முதலில் இருந்தது என் மகளின் பெயர். அந்தக் கடிதத்தின் நகலை என் மாமனாரிடம் இரண்டு தரம் காட்டியிருந்தேன். எப்படியாவது அந்த மேடு உண்மையாக இருந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டது ஆசிரியர் இல்லை, தகப்பன்.

வீட்டில் சார்

வெள்ளிக்கிழமை காலை ஸ்கூட்டரைத் துடைத்துக் காத்திருந்தேன். சுமதி பஸ்ஸில் போவதாகச் சொல்லி முன்னாலேயே கிளம்பினாள். போகும்போது அடுப்படியைப் பார்த்து, "அம்மா, சாருக்கு டிபன் பாக்ஸ் எடுத்துவை" என்றாள்.

என் மனைவி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். கல்லூரியில் சார், வீட்டில் அப்பா. இதுதானே சட்டம்? வீட்டிலும் சார் என்றால் அப்பா எங்கே இருக்கிறான்?

அன்று சோதனைக்கூடத்துக்கே அவள் வரவில்லை. நான் தனியாக உட்கார்ந்து மின்கம்பிகளைத் தடவிப் பார்த்தேன், ஈயக் கட்டிகளைத் துடைத்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. நாலு மணிக்கு ழோசெப் வந்து, கீழ்த்தட்டைத் திறந்து தன் பெட்டியை எடுத்துக்கொண்டு, முகூர்த்த நாள், கொஞ்சம் முன்னாடி போறேன் என்று சொல்லிப் போனார். போய்வாருங்கள் என்று தலையாட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஐந்தரைக்கு வர வேண்டிய பெண் ஆறரை ஆகியும் எங்கள் ரெட்டியார்பாளையத்து வீட்டுக்கு வரவில்லை. மழை விட்டபாடில்லை. ஸ்கூட்டரை எடுத்தேன். கோரிமேட்டில் அவளுடைய சிநேகிதி வீடு. அங்கே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிச் சுவரோரம், கடைசி பஸ்ஸுக்காகச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஜனங்கள் நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பஸ் நிறுத்தத்தில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது.

இப்போது சுமதி வெளியூரில் நல்லபடியாக இருக்கிறாள். வாரத்துக்கு ஒரு கடிதம் வரும். தபால்காரர் ஒரு நாள் பிந்தினால் அந்தச் சுவரும் அந்தச் சாக்குகளும் என் கண் முன்னால் வந்துவிடும். இது போகாது போலிருக்கிறது.

ஏழரைக்குத் திரும்பி வந்தால் கூடத்தில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். உழவர்கரை போய் ஏழுமலையிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

துண்டை எடுக்காமலே சொன்னாள்: "நாளைக்கு சாரே சொல்லிடுவாருன்னான்."

சனிக்கிழமை

பேராசிரியர் பத்து மணிக்கு விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். தோளில் ஒரு ஜோல்னாப் பை, கணுக்கால்வரை சேறு. காபி வேண்டாம், முதலில் மேட்டைக் காட்டுங்கள் என்றார்.

சோர்ஸை வைத்து அனலைசரைப் போட்டேன். சுமதி திரைக்குப் பக்கத்தில், ஏழுமலை கதவோரத்தில். அரை மணி ஆயிற்று. சமாரியத்தின் பெரிய மேடுகள் எல்லாம் அதனதன் இடத்தில் எழுந்தன. ஐந்நூற்று அறுபதுக்குப் பக்கம் ஒன்றும் இல்லை. தடவிவிட்ட மாதிரி இருந்தது.

முந்தாநாள் சோர்ஸ் இல்லாமல் மேடு இருந்தது. இன்று சோர்ஸோடு இல்லை. இதற்கும் ஒரு வழி இருந்தது. மின்னழுத்தம் சரியில்லை என்று சொல்லலாம். ஆடியில் சொன்னேனே, அதே மாதிரி. அவர் நம்பியிருப்பார். எங்கள் ஊர் மின்சாரத்தைக் காரணம் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

கதவோரத்தில் நின்ற ஏழுமலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தேகமாகப் பார்க்கவில்லை. வகுப்பில் கரும்பலகையைப் பார்ப்பது போல, அடுத்த வரி வரும் என்று பார்த்தான்.

சொன்னேன். மார்கழிக் கணக்கை வருடம் முழுவதும் கழித்ததைச் சொன்னேன். ஆடிச் சுருளை ஒதுக்கியதைச் சொன்னேன். வியாழக்கிழமை என் மகள் கண்டுபிடித்ததையும், அதை மறைக்கச் சொல்லி நான் கேட்டதையும், அவள் அதைக் கேளாமல் ஏழுமலை வீடு தேடிப் போய்ச் சொன்னதையும் சொன்னேன். பசங்க மேல தப்பு இல்லை என்று முடித்தபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"ஒதுக்கினதையும் சேர்த்து எல்லாச் சுருளையும் கொண்டாங்க" என்றார்.

நாற்காலிகளை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு, தரையில் மாத வரிசைப்படி விரித்தோம். சுமதியும் ஏழுமலையும் மண்டியிட்டு, சுருண்டுகொள்ளும் தாள்களின் மேல் ஈயக் கட்டி வைத்தார்கள். பேராசிரியரும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மார்கழியில் மேடு இல்லை. தை, மாசியில் இருந்தது. ஆனியில் இருந்தது. ஆடியில் இல்லை. ஆவணியில் இருந்தது.

ஏழுமலை வாய்க்குள் சிரித்தான். என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல சார். கல்யாண மாசமா பார்த்து வருது" என்றான்.

பேராசிரியர் உரக்கச் சிரித்துவிட்டார். மேடு ஏன் அப்படி வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லாரும் சிரித்தோம். அப்புறம் அவர் என்னிடம், அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக எனக்கு இன்றைக்கே எழுதுங்கள், ஏன் என்பதையும் எழுதுங்கள் என்றார். குரலில் சிரிப்பு இல்லை. எழுதுகிறேன் என்றேன். கொஞ்சம் பொறுத்து, ஏழுமலையைப் பார்த்து, உங்க அப்பாவை நான் பார்க்கணுமா, நீயே சொல்லிடுவியா என்று கேட்டார். அவனுக்குப் பிடிபடவில்லை.

"மேடு கிடக்குது, எங்கயாவது கிடைக்கும். அது பொய்னு வீடு தேடிப் போய்ச் சொல்ற ஒருத்தியும், மாசத்தைப் பார்க்கத் தெரிஞ்ச ஒருத்தனும் எனக்குக் கோடையில வேணும்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. பேராசிரியர் இருக்கிறார் என்றும் பாராமல், தன் சட்டத்தை இரண்டாம் முறை மீறினாள்.

"அப்பா, அந்த மாசித் தாளை மிதிக்கறீங்க."

காலை எடுத்தேன்.

அப்போதுதான் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ழோசெப். கசங்கிய சட்டை, சிவந்த கண், கழுத்தில் வாடிய கல்யாண மாலையின் ஒரு துண்டு, தோளில் அட்டைப் பெட்டி. தாள்களை மிதிக்காமல் ஓரமாக நடந்து, கீழ்த்தட்டைத் திறந்து, படிகத்துக்கு நேர் அடியில் பெட்டியை வைத்துப் பூட்டினார். அனலைசர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தலை துவட்டும் நேரம்கூட ஆகியிருக்காது. திரையில் ஐந்நூற்று அறுபதைத் தாண்டிப் புள்ளிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறத் தொடங்கின.

"கோரிமேடு" என்றான் ஏழுமலை மெதுவாக.

பெட்டிக்குள் இருந்தது பெட்ரோமாக்ஸ் மேண்டில். நூல் வலைபோல இருக்கும், விளக்கில் கட்டிக் கொளுத்துவோமே, அதுதான். டஜன் டஜனாக. அந்த வலையைத் தோரியம் என்ற பொருளின் உப்பில் நனைத்திருப்பார்கள். அதனால்தான் அவ்வளவு வெளிச்சம். தோரியம் காமா கதிர் விடும். அதில் ஒன்று, நாங்கள் தேடிய இடத்துக்குப் பக்கத்திலேயே விழும். எங்கள் பழைய படிகத்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மற்றவை பெரிய மேடுகளுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மேண்டிலில் தோரியம் இருக்கிறது என்று ஒவ்வொரு வருடமும் இரண்டாம் வருட வகுப்பில் நானே சொல்கிறேன், பரீட்சையிலும் கேட்டிருக்கிறேன். முகூர்த்த மாதங்களில் பெட்டி நிறைந்திருக்கும். மார்கழியிலும் ஆடியிலும் யார் விளக்கு எடுப்பார்கள்?

பேராசிரியர் தரையில் இருந்தபடியே நிமிர்ந்து ழோசெப்பைப் பார்த்தார். சுமதி பார்த்தாள், ஏழுமலை பார்த்தான், நானும் பார்த்தேன். ஒரு வருடமாக நாங்கள் தேடிய அதிர்வு, கையில் சாவிக்கொத்தோடு எதிரே நின்றது.

எங்கள் முகங்களையும் தரை முழுக்க விரித்திருந்த தாள்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவர் மீசையைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் பயந்த குரலில் கேட்டார்:

"ஏன் முசே, நேத்து நான் பொட்டிய எடுத்துட்டுப் போனதுல எதனாச்சும் கெட்டுப்போச்சா?"